உங்களுக்குத் தெரியுமா? ஜோடியாக வெரோனா போகிறவர்களுக்கு

● வெரோனாவுக்குப் போகும் ஜோடி முதலில் தேடுவது ஜூலியட் வீட்டு பால்கனியை. 1930-களில் தொடங்கிய புதுப்பிப்பு வேலையின்போது, நகர அருங்காட்சியக இயக்குநர் அன்டோனியோ அவேனா பழைய கற்களைக் கொண்டு சுவரில் பொருத்திய பால்கனி அது. வீடு மட்டும் பழசுதான். கப்பெல்லோ என்ற குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியட் பிறந்த கப்புலெட் குடும்பத்தின் பெயரோடு ஒலி ஒத்துப்போனது. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது!

● முற்றத்தில் ஜூலியட்டின் வெண்கலச் சிலை உண்டு. அதன் மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று யாரோ கிளப்பிவிட, தொட்டுத் தொட்டே சிலை தேய்ந்து விரிசல் கண்டது. 2014-இல் அசலை உள்ளே எடுத்துவைத்து நகலை வெளியே நிறுத்தினார்கள். இப்போது நகலைத் தேய்க்கிறார்கள். நீங்களாவது கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

● ஷேக்ஸ்பியர் வெரோனாவைப் பார்த்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ஜூலியட்டையும் அவள் காதலனையும் வெரோனாவில் குடிவைத்துக் கதை எழுதியவர் பக்கத்து ஊரான விசென்சாவைச் சேர்ந்த லூயிஜி டா போர்ட்டோ. அவர் கதை 1530 வாக்கில் அச்சாகிவிட்டது.

● 'ஜூலியட், வெரோனா' என்று மட்டும் எழுதிப் போட்டாலும் கடிதம் போய்ச் சேரும். தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள்.

● பொய்க்கு இவ்வளவு கூட்டம் என்றால், நிஜத்துக்கு? பியாட்சா ப்ரா சதுக்கத்துக்கு வாருங்கள். அங்கே நிற்கும் அரேனா, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய வட்டரங்கு. ரோமின் கொலோசியத்துக்கே மூத்தது. 1117-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வெளிச்சுற்றுச் சுவர் சரிந்தது. அதில் மிச்சம் நான்கே வளைவுகள். மேலேறி உட்காருமுன் வெளியே நின்று அந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். இடிந்தது எவ்வளவு பெரிய கட்டடம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

● அதே அரேனாவில் கோடைதோறும் ஓபரா நடக்கிறது. 1913 ஆகஸ்ட் 10-இல் இசையமைப்பாளர் வெர்டி பிறந்த நூற்றாண்டை ஒட்டி அவருடைய 'ஐடா'வை மேடையேற்றினார்கள். உலகப்போர்க் காலங்களில் நின்றதைத் தவிர, அன்று பிடித்த வழக்கம் விடவில்லை. இருட்டியதும் ரசிகர்கள் சின்ன மெழுகுவத்தி ஏற்றுவதும் பழைய பழக்கம். கையிலுள்ள பாட்டுப் புத்தகத்தைப் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று ஆரம்பித்தது, பிறகு அழகுக்காகவே தொடர்ந்தது. விலை குறைந்த டிக்கெட்டுக்குக் கிடைப்பது வெறும் கல்படி. நாடகம் நள்ளிரவையும் தாண்டும், கல் பகல் வெயிலை விடாமல் வைத்திருக்கும். மெத்தையை வாடகைக்கு எடுக்க யோசிக்காதீர்கள்; அங்கே மிச்சம் பிடிக்கிற காசு மறுநாள் இடுப்பில் தெரியும்.

● எர்பே சதுக்கத்தையும் சின்யோரி சதுக்கத்தையும் இணைக்கும் வளைவில் ஒரு திமிங்கல விலா எலும்பு தொங்குகிறது. வாழ்நாளில் பொய்யே சொல்லாத ஒருவர் கீழே நடந்தால் அது விழுந்துவிடுமாம். பல நூற்றாண்டுகளாக விழவில்லை. ஜோடியாகவே கடந்து போகலாம், ஆபத்தில்லை.

● அடிஜே ஆற்றின் மீதுள்ள பியேத்ரா பாலத்தை 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. ஊர்க்காரர்கள் புதுப் பாலம் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆற்றுக்குள் விழுந்த கற்களைத் தேடி எடுத்து, 1959-க்குள் பழையபடி அடுக்கிவிட்டார்கள். ஒரு கோடியில் ரோமானியரின் வெள்ளைக்கல், மறு கோடியில் பிற்காலத்துச் செங்கல். வெரோனாவில் ஒரே ஓர் இடம் பார்க்கத்தான் நேரம் என்றால், பால்கனியை விட்டுவிட்டு இந்தப் பாலத்துக்குப் போகச் சொல்வேன். எதிர்க்கரையில் சான் பியேத்ரோ குன்று. ஏறக் கால் வலித்தால் சரிவு ரயில் இருக்கிறது. சாயங்கால வெயிலில் ஊர் முழுக்க அங்கிருந்து தெரியும்.

● நகரத்தை ஆண்ட கான்கிராண்டே டெல்லா ஸ்காலா 1329-இல் திரெவீசோ நகரைப் பிடித்த நான்காம் நாளே இறந்துபோனார். கெட்ட ஊற்றுநீர் குடித்தார் என்று பேச்சு. 2004-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் பதமாகவே இருந்தது. குடலில் இருந்ததைச் சோதித்தால், டிஜிட்டாலிஸ் என்ற விஷச்செடி! கொலையா, மருந்து மிஞ்சியதா என்பதை ஆய்வகம் சொல்ல முடியாது. குதிரை மேல் சிரித்தபடி அவர் அமர்ந்திருக்கும் சிலை இன்று காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில்.

● அதே அருங்காட்சியகத்தில் 2015 நவம்பரில் கொள்ளையர் புகுந்து 17 ஓவியங்களைத் தூக்கிப் போனார்கள். மறு ஆண்டு அவை உக்ரைனில் அகப்பட்டு, ஊர் திரும்பின.

● ஓட்டல் பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஒரு வரி இருக்கும். மேசையில் உட்கார்ந்ததற்கான கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று. ஆகவே இருவருக்கும் சேர்த்து வரும். ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். காப்பியை நின்றபடியே குடித்தால் பெரும்பாலும் விலை குறைவு.

● ஃபுளோரன்ஸ் துரத்திவிட்ட கவி தாந்தேவுக்கு அடைக்கலம் தந்த ஊர்களில் வெரோனாவும் ஒன்று. அவர் மகன் பியேத்ரோ 1353-இல் பக்கத்திலுள்ள வால்போலிசெல்லாவில் நிலம் வாங்கினார். அந்த வம்சத்தார் இன்றும் அங்கே திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிக்கிறார்கள்.