தாண்டியவர்கள் – 14: நனைந்த சாக்ஸ்

மாரியப்பன் தங்கவேலு அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர். மூன்றும் உயரம் தாண்டுதலில் வந்தவை: 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். இந்தத் தொடரில் போன வாரம் வந்த ஜப்பானியர் நொரியாகி கசாயை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: பனிச்சறுக்குத் தாண்டலில் 8 ஒலிம்பிக், 41 வயதில் வெள்ளி. நெடுங்காலம் தாக்குப்பிடித்ததில் அவருக்கு இங்கே இணை மாரியப்பன்தான்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-ல் பிறந்தார். 5 வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தக் கால் பிறகு வளரவில்லை. தாய் சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2013-ல் பயிற்சியாளர் சத்யநாராயணாவின் கண்ணில் பட்டு, பெங்களூருக்குப் போனார்.

ரியோவில் தாண்டிய உயரம் 1.89 மீட்டர். வருண் சிங் பாட்டிக்கு வெண்கலம் கிடைத்ததால் ஒரே மேடையில் இரண்டு இந்தியர் நின்றார்கள்.

டோக்கியோ போட்டி 2021-க்குத் தள்ளிப்போனது. தொடக்க விழாவில் கொடி பிடிக்க வேண்டியவர் மாரியப்பன். கொரோனா தொற்று கண்ட ஒருவருக்கு அருகில் பயணம் செய்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். கொடி தேக் சந்தின் கைக்குப் போனது. ஆகஸ்ட் 31, இறுதிப் போட்டி நாளில் மழை. மாரியப்பன் தாண்டும் பிரிவில் செயற்கைக் கால் பொருத்தியவர்களும் பொருத்தாதவர்களும் சேர்ந்தே தாண்டுகிறார்கள். அமெரிக்காவின் சாம் குரூ பொருத்தியவர். மாரியப்பனுக்கு அந்த வலது பாதமும் அதில் மாட்டிய சாக்ஸும்தான். மழையில் அந்த சாக்ஸ் நனைந்தது; எழும்பச் சிரமமாக இருந்தது என்று பிறகு சொன்னார். இருவரும் 1.86 தாண்டினார்கள். கம்பு 1.88-க்கு ஏறியது. ஓர் உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. மாரியப்பன் மூன்றிலும் தட்டிவிட்டார்; குரூ மூன்றாவதில் தாண்டினார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு விரல் அகலம். உலர்ந்த சாக்ஸ் அந்த 2 சென்டிமீட்டரைக் கொடுத்திருக்கும் என்று நம்ப எல்லா நியாயமும் இருக்கிறது.

2024 மே மாதம் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் அதே 1.88 தாண்டித் தங்கம் வென்றார். செப்டம்பரில் பாரிஸில் 1.85 தாண்டினார்; எஸ்ரா ஃபிரெச் 1.94 தாண்டித் தங்கமும், சரத் குமார் 1.88 தாண்டி வெள்ளியும் பெற்றார்கள். ரியோவிலிருந்து பாரிஸ் வரை 8 ஆண்டுகளில் மாரியப்பன் இழந்த உயரம் 4 சென்டிமீட்டர். இரண்டு விரல் அகலமே உள்ள இந்தச் சரிவு, முதல் தங்கத்தைவிடப் பெரிய சாதனை.

இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த பெங்களூரு பயிற்சி முறை அடுத்த இதழில் வரும்.