எருக்குழியில் வாழும் வெப்பவிரும்பிகள்

வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் சாணமும் கூளமும் சருகும் கொட்டிவைத்த எருக்குழியைக் கிளறினால் ஆவி கிளம்பும். வெயில் ஏற்றிய சூடல்ல அது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வெப்பம், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. பெரிய குவியலின் நடுப்பகுதி 60, 70 டிகிரி செல்சியஸ்கூடத் தொடும். சாதாரண பாக்டீரியாக்கள் மடிய, அந்தச் சூட்டிலேயே பெருகும் ஜியோபேசில்லஸ் போன்ற வெப்பவிரும்பிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

தொழிற்சாலைகளுக்குத் தேவை இவற்றின் நொதிகள். நொதி ஒரு புரதம். சூடுபட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல உருக்குலைந்துவிடும். வெப்பவிரும்பிகளின் நொதிகளோ கூடுதல் பிணைப்புகளால் இறுக மடிந்திருப்பதால் தாக்குப்பிடிக்கின்றன. துணி ஆலையில் இதன் அருமை தெரியும். தறியில் அறாமலிருக்கப் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சியைச் சாயம் போடும் முன் நீக்கியாக வேண்டும். அமிலத்தால் நீக்கினால் அது பருத்தியையும் அரிக்கும். சூடு தாங்கும் அமைலேஸ் நொதியோ, கொதிநிலையை நெருங்கும் நீரிலும் மாவுச்சத்தை மட்டும் வெட்டும், பருத்தியைத் தொடாது.

வெப்பவிரும்பிகளில் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்து 1969இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் அதை 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் நொதி கெட்டுவிடுவதால் முன்பு சுற்றுக்குச் சுற்று புதிதாக நொதி சேர்த்தார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸின் சூடு தாங்கும் நொதி வந்ததும் அந்தச் சிரமம் ஒழிந்தது. பிசிஆர் உரிமை 1991இல் 30 கோடி டாலருக்குக் கைமாறியபோது, ஊற்றிருந்த பூங்காவுக்குக் காசு எதுவும் வரவில்லை.

எருவும் வெந்நீர் ஊற்றுக்குச் சளைத்ததல்ல. 2012இல் ஒசாகா பல்கலைக்கழகத்தார், இலையும் கிளையும் மக்கிய உரத்திலிருந்த டிஎன்ஏவில் ஒரு நொதியின் மரபணுவைக் கண்டார்கள். அந்த நொதியை மேம்படுத்திய பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2020இல், 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் பெட் பாட்டில் பிளாஸ்டிக்கின் 90 சதவீதத்தை மூலப்பொருள்களாகப் பிரித்துக் காட்டினார்கள். எழுபது டிகிரி வாக்கில் பெட் இளகுவதால்தான் நொதிக்குப் பிடி கிடைக்கிறது. குளிர்ந்த மண்ணின் நொதிக்கு இது கைகூடாது.

இந்தியாவின் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இத்தகைய நுண்ணுயிர்களையும் உயிர்வளமாகவே கணக்கிடுகிறது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. ஊர்தோறும் எழுதப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் மரமும் மாடும் இடம்பெறும்போது எருக்குழியும் இடம்பெற வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்ப மாணவர்கள் ஒரு வெப்பமானியோடும் மாதிரிக் குப்பியோடும் போய்வரும் தொலைவில்தான் இந்தக் குழிகள் இருக்கின்றன.