ஈயக் குண்டுக்கு எந்த மசகு?

அமெரிக்காவில் இலக்குச் சுடும் பொழுதுபோக்காளர் பலர், வீட்டிலேயே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கின்றனர். (மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம்.) ஈயம் மென்மையானது. மசகு பூசாவிட்டால் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு குறி தவறும்.

பழைய கருமருந்துத் துப்பாக்கிகளுக்குத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசையே ஏற்றது. பெட்ரோலிய எண்ணெய் தார்போல் படிந்துவிடும். மெழுகு கூடினால் குளிரில் இறுகும். கொழுப்பு கூடினால் வெயிலில் இளகி மருந்தை நனைக்கும்.

எந்தக் கொழுப்பு என்பதும் சின்னக் கேள்வி அல்ல. என்ஃபீல்டு தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாக 1857இல் பேச்சுப் பரவியதும், இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் கொதித்தனர். தேன்மெழுகும் தாவர எண்ணெயும் நீங்களே பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தும் சிப்பாய்கள் நம்பவில்லை.