செல்வர் ஊரில் ஆசிரியர் வீடு

ஓர் ஊரின் வளத்தை அளக்க விரும்புவோர் அதன் மாளிகைகளையும் கடைவீதிகளையும் நோக்குவர். பள்ளித் தொழிலில் இருப்போர்க்கு வேறோர் அளவுகோலும் உண்டு. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் அவ்வூரிலேயே குடியிருக்க இயலுமா என்பதே அது. இவ்வினாவைக் கையிற் கொண்டு, உலகின் செல்வச் செழிப்பு மிக்க புறநகர் ஒன்றை இங்கு ஆராய்வோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் பாலோ ஆல்டோ. ஸ்பானிய மொழியில் இப்பெயர் 'நெடுமரம்' எனப் பொருள்படும். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செம்மரம் ஒன்று இன்றும் அங்கு நிற்கிறது. அதனாலேயே ஊர் இப்பெயர் பெற்றது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் 68,572 பேர். அண்டை ஊர்களான மவுண்டன் வியூவில் கூகுள், குப்பர்ட்டினோவில் ஆப்பிள், மென்லோ பார்க்கில் மெட்டா எனப் பெருநிறுவனங்கள் சூழ்ந்துள்ளன. நம் தமிழ்ப் பொறியியலாளர் பலரும் இவ்வட்டாரத்திற் குடியேறி வாழ்கின்றனர். எனவே இவ்வூரின் கதை நமக்கு முற்றும் அயலானதன்று.

பழத்தோட்டம் தொழிற்களமான வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்பள்ளத்தாக்கு பழத்தோட்டங்களுக்கே பெயர் பெற்றிருந்தது. பாதாமி, பிளம், செர்ரி ஆகிய மரங்கள் வேனிற்காலத் தொடக்கத்தில் பூத்துக் குலுங்கும். அதனால் 'இதயம் மகிழும் பள்ளத்தாக்கு' என்று இதனை அழைத்தனர்.

மாற்றத்தின் வித்து ஒரு கல்விக்கூடத்தில் இருந்தது. இருப்புப்பாதைச் செல்வர் லீலண்ட் ஸ்டான்போர்டும் அவர் துணைவியாரும் இறந்துபோன தம் மகன் நினைவாக 1885இல் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினர்; 1891இல் அது திறக்கப்பெற்றது. எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அதற்கு உரிமையாக்கினர். அந்நிலத்தை விற்கலாகாது என்று ஒரு விதியும் விதித்தனர். இவ்விதியை வாசகர் நினைவில் இருத்துக. இதன் பயன் பின்னர்ப் புலப்படும்.

1938ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழக மாணவராயிருந்த ஹியூலெட், பக்கார்டு என்னும் இருவர் பாலோ ஆல்டோவில் ஒரு வாடகை வீட்டின் கார்க் கொட்டகையில் மின்கருவிகள் செய்யத் தொடங்கினர். அவர்களை ஊக்கியவர் பேராசிரியர் பிரெடரிக் டெர்மன். 1951இல் பல்கலைக்கழகம் தன் நிலத்தின் ஒரு பகுதியைத் தொழிற்பேட்டையாக்கிற்று. விற்க உரிமையின்மையால் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. டிரான்சிஸ்டர் கண்ட அறிஞர்களுள் ஒருவரான ஷாக்லி 1956இல் மவுண்டன் வியூவில் ஓர் ஆய்வகம் அமைத்தார். மறு ஆண்டே அவரை விட்டுப் பிரிந்த எண்மர் பேர்சைல்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அவருள் இருவர் 1968இல் இன்டெல் நிறுவனத்தை அமைத்தனர். 1971இல் ஒரு செய்தியாளர் 'சிலிக்கன் பள்ளத்தாக்கு' என்னும் பெயரை அச்சேற்றினார். பழத்தோட்டம் தொழிற்களமாயிற்று.

கதவு அடைபட்ட முறை

தொடக்கத்தில் இவ்வூர் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத ஊரன்று. 1950ஆம் ஆண்டையொட்டி ஜோசப் ஐக்ளர் என்னும் கட்டட முதலாளி இவ்வட்டாரத்திற் கட்டி விற்ற கண்ணாடிச் சுவர் வீடுகளுள் பல, இருபதாயிரம் டாலருக்கும் குறைந்த விலையின. இன்று பாலோ ஆல்டோவில் ஒரு வீட்டின் நடுத்தர விலை முப்பது இலட்சம் டாலருக்கு மேற்பட்டது. ஆண்டுக்கு ஓரிலட்சம் டாலர் ஊதியம் பெறும் ஆசிரியர், உண்ணாமலும் உடுக்காமலும் அதனை முழுதும் சேர்த்தாலும் முப்பது ஆண்டு உழைத்தே அவ்விலையை எட்டக்கூடும்.

இவ்வேற்றத்திற்குக் கணிப்பொறித் தொழிலின் செல்வமே காரணம் என்பர். அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தில் உள்ளது.

முதலாவது, மனைவிதி. ஊரின் பெரும்பகுதியில் ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடே கட்டலாம் என்று ஊராட்சி நெடுங்காலம் விதித்திருந்தது. அண்டையிலுள்ள ஏதர்ட்டனில் ஒரு வீட்டுக்கு ஓர் ஏக்கர் நிலம் வேண்டும் என்பது பொது விதி. ஒரு மனையில் இரு வீடுகள் கட்டவும் மனையைப் பிரிக்கவும் இடந்தரும் சட்டத்தை மாநிலம் இயற்றியது 2021இல்தான். வேலைக்கு வருவோர் தொகை குடியிருப்போர் தொகையை விஞ்சிவிட்ட ஊரில் வீடு பெருகாவிடில் விலை பெருகுதல் இயல்பேயாம்.

இரண்டாவது, சொத்து வரி. 1978இல் கலிபோர்னிய வாக்காளர் ஏற்ற 'பதின்மூன்றாம் முன்மொழிவு' வரியின் அடிப்படை விகிதத்தை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என வரையறுத்தது. அம்மதிப்பும், வீடு கைமாறும் வரை, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயரக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1978இல் ஓரிலட்சம் டாலர் மதிப்பிருந்த வீடு, விற்கப்படாமல் 2023 வரை இருந்தால், அதன் வரி மதிப்பு ஏறத்தாழ 244,000 டாலராகும். வரி ஏறத்தாழ 2,440 டாலர். அதே தெருவில் 2023இல் முப்பது இலட்சத்துக்கு வீடு வாங்கியவர் 30,000 டாலர் செலுத்த வேண்டும். இரு வீட்டுப் பிள்ளைகளும் படிப்பது ஒரே பள்ளியில். முதியோர் வரிச்சுமையால் வீடிழக்கலாகாது என்னும் நன்னோக்கம் இச்சட்டத்துக்கு உண்டு. ஆயினும், இருப்பவர் நகரவில்லை; வருபவர்க்கு இடமில்லை என்பதே விளைவாயிற்று.

மூன்றாவது, வாக்குரிமை. இலாப நோக்கற்ற வீட்டு வசதி அமைப்பு ஒன்று பழத்தோட்ட நிலம் ஒன்றில் எளிய முதியோர்க்கு அறுபது சிறு வீடுகள் கட்டும் திட்டம் கொணர்ந்தது. நகர மன்றம் இசைந்தது. ஆனால், 2013 நவம்பரில் ஊர் வாக்காளர் அவ்விசைவை நீக்கினர். போக்குவரத்து நெருக்கடியையும் கட்டடச் செறிவையும் அவர்கள் காரணம் காட்டினர். தம் தெருவின் அமைதியைக் காக்க விழைவது தீயதன்று. ஆனால், ஒவ்வொரு தெருவும் அவ்வாறே விழைந்தால் ஊர் முழுதும் அடைபடும்.

நெடுஞ்சாலைக்கு அப்பால்

இவ்வடைப்பு பணத்தால் மட்டும் வந்ததன்று, நிறத்தாலும் வந்தது. 1940களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகத்தையொட்டிய நிலமொன்றை 150 குடும்பங்கள் கூட்டுறவு முறையில் வாங்கின. பேராசிரியர், பள்ளி ஆசிரியர், தச்சர், செவிலியர் ஆகியோர் அவற்றுள் இருந்தனர். புகழ்பெற்ற நாவலாசிரியர் வாலஸ் ஸ்டெக்னரும் அவருள் ஒருவர். 150இல் மூன்று குடும்பங்கள் கறுப்பின மக்கள். அக்காரணத்தால் கூட்டாட்சி வீட்டுக் கடன் அமைப்பு பொறுப்பேற்க மறுத்தது; கூட்டுறவு கலைந்தது. ரிச்சர்டு ராத்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட நூலில் இச்செய்தியை விரித்துரைக்கிறார்.

ஐக்ளர் இனம் பாராது வீடு விற்றார். அதனை ஏற்காத கட்டுநர் சங்கத்திலிருந்து 1958இல் விலகினார். அத்தகையோர் சிலரே. கறுப்பின மக்கட்கு விற்கப்பட்ட வீடுகள் பெரும்பாலும் 101ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருந்தன. அப்பகுதியே கிழக்குப் பாலோ ஆல்டோ. 1983இல்தான் அது தனி நகராயிற்று. அங்கு 1958இல் திறந்த உயர்நிலைப்பள்ளி 1976இல் மூடப்பட்டது. பிள்ளைகள் பேருந்தேறிப் பிற ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்றனர். பெற்றோர் தொடுத்த வழக்கு 1986இல் உடன்பாடாக முடிந்து, ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகைப் பிள்ளைகள் பாலோ ஆல்டோ முதலிய ஊர்ப் பள்ளிகளிற் சேர வழி பிறந்தது. ஒரு சாலையைக் கடப்பதற்கு ஒரு நீதிமன்ற உடன்பாடு வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

நிலம் காத்தவர் ஆசிரியரைக் காத்தனர்

இனி நம் வினாவிற்கு வருவோம். பல்கலைக்கழகப் பேராசிரியர் பலர் பல்கலைக்கழக நிலத்திலேயே சொந்த வீட்டில் வாழ்கின்றனர். எவ்வாறு? வீடு அவருடையது, நிலம் பல்கலைக்கழகத்தின் குத்தகை. அவர் வீட்டை விற்க நேரின், தகுதியுடைய மற்றொரு பல்கலைக்கழகப் பணியாளர்க்கே விற்கலாம். நிலத்தை விற்கலாகாது என்று 1885இல் விதித்த அவ்விதியே இன்று அவர்க்குக் கூரையாகிறது. பள்ளி ஆசிரியர்க்கோ அத்தகைய நிலமில்லை. ஆகையால் அவருட் பலர் நெடுந்தொலைவிலிருந்து நாள்தோறும் வந்து போகின்றனர். மாலையில் பின்தங்கிய மாணவனோடு ஒரு மணி நேரம் இருந்து சொல்லிக் கொடுக்க விரும்பும் ஆசிரியர், சாலை நெரிசலை எண்ணிக் கிளம்பிவிடுகிறார். இழப்பு ஆசிரியர்க்கு மட்டுமன்று, மாணவர்க்குமாம்.

இதற்கு மாற்று கண்டோரும் உளர். அண்டையிலுள்ள சான்டா கிளாரா பள்ளி வட்டாரம் தன் சொந்த நிலத்தில் 2002இல் ஆசிரியர்க்கு வாடகைக் குடியிருப்பு கட்டிற்று; இன்று அங்கு எழுபது வீடுகள் உள்ளன. டேலி சிட்டி என்னும் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி வட்டாரம், 2018இல் வாக்காளர் இசைந்த கடன்பத்திரப் பணத்தைக் கொண்டு, தன் நிலத்தில் 122 வீடுகள் கட்டி 2022இல் திறந்தது. பாலோ ஆல்டோவிலும் ஒரு நற்செயல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 400 எளியோர் வாழ்ந்த நடமாடும் வீட்டுக் குடியிருப்பு மூடப்படும் நிலை வந்தபோது, 2017இல் மாவட்ட வீட்டு வசதி ஆணையம், நகரமும் மாவட்டமும் அளித்த பொருளுதவியோடு, அதனை நாலு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி அவர்களைக் காத்தது. மூன்றிலும் பொதுத்தன்மை ஒன்றே: நிலம் பொதுக் கையில் இருந்தது, அல்லது பொதுக் கைக்கு வந்தது.

மலாயாத் தோட்டப் பள்ளிகளிற் பணியாற்றிய பழைய ஆசிரியர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. சம்பளம் சிறிது, ஆயினும் பல தோட்டங்களில் வாத்தியாருக்கென்று ஒரு வீடு இருந்தது. மாணவன் விளக்கேற்றும் வேளையிலும் வாசற்படி ஏறிப் பாடங் கேட்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட இடங்களில் வீடும் போயிற்று, பள்ளியும் ஆட்டங்கண்டது.

ஆகவே நாம் அறிவது இதுவே. செல்வம் ஓர் ஊருக்கு நல்ல பள்ளியைத் தரும். ஆனால், அப்பள்ளியின் ஆசிரியரை அவ்வூராராக்க அது மட்டும் போதாது. அதற்கு நிலம் வேண்டும், அந்நிலத்தை விற்காமற் காக்கும் உறுதியும் வேண்டும். பொதுநிலம் ஒன்று நம் ஊரில் விலைக்கு வரும்போது, அது என்ன விலைக்குப் போகும் என்று கேட்பதற்கு முன், அதில் நாளை யார் குடியிருக்கலாம் என்று கேட்போமாக.