விடுமுறையும் அரைநாளும்: கடற்கரைப் பாடசாலையின் நாட்காட்டி

ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலை அதிபரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் வினா யாது என்று என்னைக் கேட்டால், அது பிள்ளையின் படிப்பைப் பற்றியதன்று என்றே விடை கூறுவேன். "ஐயா, பாடசாலைக்கு எப்பொழுது லீவு?" என்பதே அவ்வினா. கடைத்தெருவிலும் ஆலய வாயிலிலும் பேருந்திலும் இதனையே கேட்கிறார்கள். இவ்வினாவை நகைப்புக்குரியதாகக் கருதிய காலம் எனக்கும் உண்டு. புத்தளம் மாவட்டத்துக் கடற்கரைப் பாடசாலைகளில் நெடுங்காலம் பணியாற்றிய பின்னரே, ஒரு குடும்பத்தின் தொழிலும் வழிபாடும் பயணமும் இவ்வினாவில் அடங்கியிருத்தலை உணர்ந்தேன். விடுமுறைகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன என்பதையும், அவ்வகுப்பில் நமது கரையோரப் பிள்ளைகளின் நிலை யாது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு நாட்கள் 365. அவற்றிற் சனியும் ஞாயிறும் 104. எஞ்சியவை 261. நமது நாட்டிற் பொது விடுமுறை நாட்கள் ஏறத்தாழ 25. பூரணை தினங்கள் மட்டுமே 12; சில ஆண்டுகளில் 13. இவற்றுட் சில வார இறுதியில் விழுந்துவிடுவதால், வாரநாட்களிற் கழிவன ஏறக்குறைய 18 எனலாம். எஞ்சும் 243 நாட்களிலிருந்து மூன்று தவணை விடுமுறைகளையும் கழித்தால், கற்பிப்பதற்கு ஏறத்தாழ 200 நாட்களே கிடைக்கின்றன. பரீட்சை நிலையமாகவும் வாக்களிப்பு நிலையமாகவும் பாடசாலைக் கட்டடங்கள் பயன்படும் நாட்களை இன்னும் நாம் கழிக்கவில்லை. ஒரு நாளை எங்கே வைப்பது என்பது அற்பமான காரியமன்று என்பது இதனால் விளங்கும்.

இந்நாட்காட்டியை வகுப்பது பத்தரமுல்லையிலுள்ள கல்வி அமைச்சு. ஆண்டு தொடங்குமுன் சுற்றுநிருபம் ஒன்று வெளிவரும். ஏப்ரலிற் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஒரு விடுமுறை, ஓகஸ்டில் ஒன்று, டிசம்பரில் நத்தாரையொட்டி ஒன்று என முத்தவணைக்கும் மூன்று விடுமுறைகள் அமைவது பொது வழக்கு. சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஓர் அட்டவணையும் முஸ்லிம் பாடசாலைகளுக்கு மற்றோர் அட்டவணையும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகள் றமழான் நோன்பு மாதத்தில் மூடப்படும். அதற்கு ஈடாக ஏனைய விடுமுறைகள் சுருங்கும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகையின் பொருட்டு அவை முன்னதாகவே கலைவதும் உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இஸ்லாமிய ஆண்டு சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவது. அது 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. ஆகவே நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2025 ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ மார்ச் மாதம் முழுவதையும் நிறைத்தது. 2030 ஆம் ஆண்டிலோ ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக ஒரே ஆண்டில் இருமுறை நோன்பு தொடங்கும். ஏப்ரலும் ஓகஸ்டும் நிலையாக நிற்க, நோன்பு மட்டும் நகர்கின்றமையால், இரண்டு அட்டவணைகளும் ஓராண்டு நெருங்கியும் ஓராண்டு விலகியும் செல்கின்றன. புத்தளம் நகரிலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் இதன் விளைவை வீடுகளிலேயே காணலாம். தாய் தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை, பிள்ளை முஸ்லிம் பாடசாலையில் மாணவன் என்றால், பிள்ளைக்கு விடுமுறை, தாய்க்கு வேலை.

நாட்காட்டியில் மாற்றம் செய்தல் எத்துணை ஆழமான காரியம் என்பதை இந்நாடு ஒருமுறை பட்டறிந்தது. 1966 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. அமாவாசை, பூரணை, இரு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களும் அவற்றிற்கு முந்திய நாட்களுமே ஓய்வு நாட்களாயின. சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாட்களைக் கொண்டது. நான்கு வாரங்களுக்கோ 28 நாட்களே. ஆதலின் சில வாரங்கள் எட்டு நாட்களாக நீண்டன. சிலாபக் கரையின் கத்தோலிக்க மக்கள் ஞாயிறு காலையிற் பூசை கண்டுவிட்டுப் பாடசாலைக்கு விரைந்ததை முதிய ஆசிரியர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். உலகின் வாரமும் நமது வாரமும் ஒன்றாமையால் வணிகமும் இடர்ப்பட்டது. 1971 இற் சனியும் ஞாயிறும் திரும்பின. பூரணை தினம் மட்டும் விடுமுறையாக நிலைத்தது.

அண்மையிலும் நாட்காட்டி சிதறியதை நாம் கண்டோம். பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருட் தட்டுப்பாடு வந்தபோது வாரத்திற் சில நாட்களே வகுப்புகள் நடந்தன. கல்வியாண்டு 2022 இல் ஏப்ரலிலும், 2023 இல் மார்ச் இறுதியிலும், 2024 இற் பெப்ரவரியிலும், 2025 இல் ஜனவரி இறுதியிலும் தொடங்கியது. கரைதட்டிய வள்ளத்தைத் தள்ளுவதுபோல, ஆண்டுக்கு ஒரு மாதமாகத் தள்ளியே நாட்காட்டியைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்து மீண்டும் பாடசாலைகளை மூடின.

இனி நமது கரைக்கு வருவோம். நாடு முழுவதற்கும் அட்டவணை ஒன்றாயிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும், சாதாரண தரமும், உயர்தரமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் நடப்பன. ஆயினும் கடற்கரையின் வாழ்வு அமைச்சின் தவணைகளைக் கொண்டு நடப்பதன்று. அது திருவிழாவையும் காற்றையும் கொண்டு நடப்பது.

திருவிழாவை நாட்காட்டியோடு இணைப்பது அத்துணைக் கடினமன்று. தலவிலவில் உள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச்சில் ஒரு பெருவிழாவும் ஜூலை, ஓகஸ்ட் காலத்தில் மற்றொன்றும் நடைபெறும். உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு ஆடியில் வரும். முன்னேஸ்வரத்து மகோற்சவம் ஆவணியையொட்டி ஏறத்தாழ ஒரு மாதம் நீடிக்கும். இவற்றுட் பல இரண்டாந் தவணையின் கடைக்கூறிலும் ஓகஸ்ட் விடுமுறையிலும் அடங்கிவிடுகின்றன. அடங்காதவற்றிற்குச் சிறப்பு விடுமுறை பெறும் வழியும் உண்டு. தீபாவளியையடுத்த நாளில் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விடுமுறை அளித்துப் பின்னொரு சனிக்கிழமையில் அதனை ஈடுசெய்யும் வழக்கத்தைப் பலரும் அறிவர். ஈடுசெய்யும் சனிக்கிழமைகளில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளே இருப்பார்கள் என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்.

காற்றின் காரியம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் எழுந்து செப்டெம்பர் வரை வீசும். அக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுக்க இயலாது. அப்பொழுது கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். ஆகவே நமது கரையின் மீன்பிடிக் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக, முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்தன. போர்க்காலத்திற் பெரிதும் தடைப்பட்ட இப்பெயர்ச்சி, 2009 இற்குப் பின்னர் மீண்டும் தளிர்த்தது. நாட்காட்டியை விரித்துப் பாருங்கள்: மே முதல் ஓகஸ்ட் வரை என்பது இரண்டாந் தவணை. காற்றின் பருவமும் அதுவே.

என் அனுபவத்தில் ஒன்றைக் கூறுகிறேன். நான் வகுப்பாசிரியனாயிருந்த ஒரு பாடசாலையில் எட்டாந் தரத்தில் ஒரு சிறுவன் படித்தான். கணக்கில் வல்லவன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது அவன் வரவில்லை. இடாப்பில் ஒவ்வொரு நாளும் அவன் பெயருக்கு நேரே வரவின்மையைக் குறித்தேன். சில வாரங்களின் பின் பெயரே நீக்கப்பட்டது. ஒக்டோபரில் அவன் திரும்பி வந்தான். தகப்பனார் மீண்டும் சேர்த்துவிட்டுப் போனார். இரண்டாந் தவணையின் பாடங்கள் ஒன்றையும் அவன் அறியான், பரீட்சையும் எழுதவில்லை. இரண்டு கிழமை பின்வாங்கில் அமர்ந்திருந்தான், பின்னர் நின்றுவிட்டான். அடுத்த ஆண்டு கரைவலைக் கயிற்றில் மற்றவர்களோடு அவனையும் கண்டேன். என்னைக் கண்டு கயிற்றை விடாமலே தலையசைத்தான்.

அட்டவணையிற் பிழை இருந்தது என்று கூறி நான் தப்பிவிட இயலாது. அக்குடும்பம் எங்கே போகிறது, எப்பொழுது திரும்பும் என்று மார்ச் மாதத்தில் ஒரு சொல் கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. சட்டப்படி இந்நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அச்சட்டம் காகிதத்தில் இருந்தது. பிள்ளை வாடியில் இருந்தான்.

பிற நாடுகள் இத்தகைய இடர்ப்பாட்டை எவ்வாறு தீர்த்தன என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவிற் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலை வட்டாரங்கள் உள. ஒவ்வொன்றும், மாநிலம் விதித்த அளவுக்குக் குறையாமல், தன் நாட்காட்டியைத் தானே வகுத்துக்கொள்கிறது. மேய்ன் மாநிலத்தின் வடபகுதியாகிய அரூஸ்டுக்கில், உருளைக்கிழங்கு அறுவடைக்காகச் செப்டெம்பர், ஒக்டோபர் காலத்திற் சில வாரங்கள் பாடசாலையை மூடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதற்காகவே அங்கே ஓகஸ்டின் நடுப்பகுதியிலேயே வகுப்புகள் தொடங்கிவிடும். இயந்திரங்கள் வந்தபின் சில பாடசாலைகள் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. பிரான்சு நாடோ ஊருக்கு ஊர் உரிமை வழங்காமல், நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்து, குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை மட்டும் முன்பின்னாக வைக்கிறது. இவ்விரு வழிகளும் ஒன்றை உணர்த்துகின்றன: மொத்த நாட்களின் அளவை மேலிடம் காக்கலாம், அவற்றை எங்கே வைப்பது என்பதில் ஊருக்கும் ஒரு சொல் இருக்கலாம். ஆயினும் கிழங்கு அறுவடை மூன்று வாரம். நமது காற்றோ ஐந்து மாதம். ஐந்து மாதத்தை எந்த விடுமுறையாலும் மூட இயலாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

அவ்வழியைக் கூறுமுன் அரைநாளைப் பற்றியும் ஒரு சொல். வழக்கமாகக் காலை ஏழரை மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை நடைபெறும் பாடசாலையை, விளையாட்டுப் போட்டியோ தவணையின் இறுதி நாளோ வந்தால் இடையில் நிறுத்துகிறோம். முழுநாள் விடுமுறை வேண்டுமா, அரைநாள் போதுமா என்ற தெரிவு வரும்போது அரைநாளே நன்று என்பது என் துணிபு. அரைநாளில் மொழியும் கணிதமுமாவது நடக்கும்; பிள்ளையின் பாடசாலைப் பழக்கமும் அறாது. ஆனால் முதல்நாள் மாலையில் அறிவிக்கும் அரைநாள் தீங்கானது. தாய் உப்பளத்திலோ மீன்கருவாடு காயவைக்கும் வாடியிலோ இருப்பாள். பத்தரை மணிக்கு வீடு திரும்பும் சிறுபிள்ளைக்குக் கதவு திறக்க ஆளிராது.

அரைநாளின் ஆற்றலைப் புத்தளம் 1990 இற் கண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தில் வந்து தங்கினர். அத்துணைப் பிள்ளைகளுக்கும் வகுப்பறை இல்லை. ஆதலின் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும் பிற்பகலில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுமாக ஒரே கட்டடத்திற் பாடசாலைகள் நடந்தன. அரைநாளே அவர்களுக்கு முழுப் பாடசாலையாயிற்று. அதிற் குறைகள் பல இருந்தன. ஆயினும் நாட்காட்டியையும் மணிக்கூட்டையும் பிள்ளைக்காக வளைக்க முடியும் என்பதை நமது மாவட்டமே செய்து காட்டிவிட்டது.

நாம் செய்யத்தக்கவை சில. உள்ளூர்த் திருவிழாக்களுக்கு வேண்டும் சிறப்பு விடுமுறையையும் அதற்கு ஈடான நாளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியுடன் குறித்துவிடலாம். அரைநாட்களை ஒரு மாதம் முன்னரே எழுதி, பாடசாலை வாயிலிலும் மீனவர் சங்கக் கட்டடத்திலும் ஒட்டலாம். மார்ச் மாதத்தில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் எக்குடும்பம் கிழக்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். போகும் பிள்ளையின் கையில், அவன் படிக்கும் தரமும் முடித்த பாடங்களும் குறித்த கடிதம் ஒன்றைக் கொடுத்து, வாடிக்கு அண்மையிலுள்ள பாடசாலையில் அவனைத் தற்காலிகமாக அமர்த்திக்கொள்ளும்படி அந்த அதிபரை வேண்டலாம்.

இவற்றுள் இறுதியானதை நான் அதிபரான பின் செய்து வருகிறேன். கடிதம் கொண்டு போனவர்களுட் சிலர் அங்கே பாடசாலைக்குச் சென்றனர், சிலர் செல்லவில்லை. சென்றவர்கள் ஒக்டோபரில் திரும்பியபோது பின்வாங்கைத் தேடவில்லை. செல்லாதவர்களின் பெயரும் இடாப்பில் இருக்கிறது. அவர்களுக்குப் பிற்பகலில் ஒரு மணி நேரம் தனிவகுப்பு உண்டு.

அமைச்சிலிருந்து வரும் சுற்றுநிருபம் நாட்களைத்தான் சொல்லும். பிள்ளை அந்நாளில் எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்லாது. அதனை அறிதல் ஊரிலுள்ள நமது கடமை. பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. லீவு எப்பொழுது என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் போகும்போது, நீங்கள் எப்பொழுது புறப்படுகிறீர்கள் என்பதையும் எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.