பூச்சி பிடிக்கும் பூந்தொட்டி

மாடியில் நாலு ரோஜாத் தொட்டி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூச்சியோடு நாம் படும் பாடு! இலையில் ஒன்று, மொட்டில் ஒன்று, வேரில் ஒன்று என்று எங்கு பார்த்தாலும் பூச்சிதான். இதற்கு நேர்மாறாக, வருகிற பூச்சியைப் பிடித்துச் சாப்பிட்டு ஏப்பம் விடும் செடிகளும் உலகத்தில் இருக்கின்றன. நர்ஸரிகளிலும் இணையக் கடைகளிலும் இப்போது அவை விலைக்குக் கிடைக்கின்றன. குழந்தைகள் கண்ணில் பட்டுவிட்டால் வாங்கித் தரும் வரை விடமாட்டார்கள்.

"ஐயையோ, குழந்தை விரலைக் கடித்துவிட்டால்?" என்று பயப்படுகிறீர்களா? அந்தக் கவலையே வேண்டாம். விரலால் செடிக்குத்தான் ஆபத்து. செடியால் விரலுக்கு இல்லை.

ஏன் இந்தப் பசி?

இந்தச் செடிகள் பேராசையால் பூச்சி தின்னவில்லை, வறுமையால் தின்கின்றன. அவை பிறந்த இடம் சதுப்பு நிலமும் சத்தற்ற மணலும். அந்த மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. சோற்றை மற்றச் செடிகளைப் போல வெயிலில்தான் சமைத்துக்கொள்கின்றன, பருப்புக்குத்தான் பூச்சி!

இதைப் பரீட்சித்துப் பார்த்தவர் சார்லஸ் டார்வின். 1875-இல் வெளியான தம் புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார்: பசைத் துளி ஏந்திய இலையின் மேல் பால் விட்டார், இலையின் ரோமங்கள் வளைந்து அணைத்துக்கொண்டன. முட்டையின் வெள்ளைக் கருவுக்கும் அப்படியே. சர்க்கரைத் தண்ணீரும் தேநீரும் விட்டபோதோ, செடி அசையக்கூட இல்லை! வேண்டியது எது, வேண்டாதது எது என்று அதற்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

மூன்று வேட்டைக்காரர்கள்

டார்வின் பரீட்சித்த செடியின் உறவினர் நம் நாட்டிலேயே உண்டு. நாட்டு வைத்தியர்கள் அதை அழுகண்ணி என்பார்கள். இலை முழுதும் கண்ணீர் போலத் துளிகள். தேன் என்று நம்பி உட்காரும் பூச்சி அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, குடுவைச் செடி. இலை நுனி நீண்டு ஒரு கெண்டியாகத் தொங்கும். மேலே மூடி வேறு! விளிம்பில் தேன், கால் வைத்தால் வழுக்கல், அடியில் ஜீரண நீர். இந்தியாவுக்கே உரிய ஒரே குடுவைச் செடி இனம் மேகாலயத்து மலைகளில் வளர்கிறது. காரோ மக்கள் அதற்கு இட்ட பெயர் 'மேமாங் கோக்சி', அதாவது பேயின் கூடை.

மூன்றாவது, அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் பிறந்த வீனஸ் ஈப்பொறி. இது கணக்கிலும் கெட்டி! உள்ளே இருக்கும் ரோமத்தை ஒரு முறை தொட்டால் சும்மா இருக்கும். சுமார் இருபது விநாடிக்குள் மறுபடி தொட்டால், 'சடக்'கென்று மூடிவிடும். ஒரு மழைத்துளிக்காக வீணாக மூடி ஏமாறக் கூடாது அல்லவா?

அன்பே ஆபத்து

இனி வளர்க்கும் முறை. நாம் ரோஜாவுக்குச் செய்யும் உபசாரம் எதையும் இதற்குச் செய்யக் கூடாது. செம்மண், சாணம், மண்புழு உரம் எல்லாம் இதற்கு விஷம். பீட் பாசியும் பெர்லைட்டும் கலந்து பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்புங்கள். குடுவைச் செடிக்கு நன்றாக அலசிய தேங்காய் மட்டைத் துண்டுகளையும் சேர்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புதான் இதற்கு யமன். காய்ச்சி ஆற்றியும் பயனில்லை. கரைந்த உப்பெல்லாம் போய்விடாது. மழை நீரைப் பிடித்து மூடி வையுங்கள். அது தீர்ந்தால் வாலை வடித்த நீர்.

அழுகண்ணியையும் ஈப்பொறியையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி நல்ல வெயிலில் வைக்கவேண்டும். குடுவைச் செடிக்குத் தட்டு கூடாது. மேலே ஊற்றி வடியவிட்டு, காலை வெயிலும் ஈரக் காற்றும் கிடைக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். குடுவைக்குள் இருக்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

இறைச்சித் துண்டு ஊட்டுவதும் வேண்டாம், அழுகிவிடும். ஈப்பொறியின் ஒவ்வொரு வாயும் சில தடவைதான் மூடித் திறக்கும். பிறகு கறுத்து உதிரும். வந்த விருந்தாளிக்கெல்லாம் விரலை விட்டுக் காட்டினால், செடி இளைத்துப் போகும். வெளியே வைத்திருந்தால் தன் ஆகாரத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

ஈப்பொறிக்குக் குளிர்காலத்தில் மூன்று மாத ஓய்வும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்கு அது சாத்தியம். சென்னை, மதுரைக்காரர்கள் குடுவைச் செடியில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் ஒரு கேள்வி

"இது நர்ஸரியில் வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா?" என்று கட்டாயம் கேளுங்கள். காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே இந்தச் செடிகள் அருகிவருகின்றன. வட கரோலினாவில் ஈப்பொறியைக் காட்டிலிருந்து திருடுவது 2014 முதல் பெருங்குற்றம். மேகாலயத்துக் குடுவைச் செடியைக் காக்க பாக்மாராவில் ஒரு சரணாலயமே இருக்கிறது. காட்டில் எடுத்த அந்தச் செடியை நாடு விட்டு நாடு விற்கச் சர்வதேசத் தடையும் உண்டு. பணம் கொடுத்து வாங்குகிற நாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே, பிடுங்கும் கைகள் சற்றுத் தயங்கும்.

கடைசியாக ஒன்று. இதை வாங்கி வைத்தால் வீட்டில் கொசுத் தொல்லை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது பிடிப்பது தன் வயிற்றுக்கு மட்டுமே. தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் இரு முறை மாற்றாவிட்டால், அதிலேயே கொசு குடித்தனம் நடத்தும்! ஆகவே செடியை வாங்குங்கள், கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.