திருகு மூடியும் அதன் அச்சும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையில் இறங்குவோரும் அத்தனை வளைவுகளிலும் திரும்பியே ஆகவேண்டும். மலையில் வாங்கிவரும் தேன் குப்பியின் பிளாஸ்டிக் மூடிக்கும் இந்நிலை உண்டு. அதன் உட்புறத்தே சுற்றிச் செல்லும் மரை, மூடியை அச்சிலிருந்து நேரே வெளிவர விடாது.

உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சினுள் செலுத்திக் குளிர்விப்பர். குளிரும் மூடி சுருங்கி, மரை செதுக்கிய உள்ளச்சை இறுகப் பற்றும். அதனை விடுவிக்க மூன்று வழிகள் உள.

முதலாவது, தள்ளிக் கழற்றுதல். பாலிஎத்திலீன் போன்ற நெகிழ்பொருளில் மரை ஆழமின்றி மழுங்கலாக இருப்பின், இளஞ்சூட்டில் விளிம்பைத் தள்ள, மூடி சற்றே விரிந்து வெளிவரும். விறைப்பான பாலிஸ்டைரீனாயின் விரிசல் காணும்.

இரண்டாவது, பல கூறுகளாலான உள்ளச்சு உள்நோக்கி ஒடுங்கி விலகுதல்.

மூன்றாவது, பற்சக்கரங்களால் உள்ளச்சைச் சுழற்றிக் கழற்றுதல். மூடியும் உடன் சுழன்றால் பயனில்லை. மூடியின் வெளிப்புற வரிகள் அச்சில் பொருந்தி நின்று அதைத் தடுக்கும். நம் விரல்களுக்குப் பிடிமானம் தருவனவும் அவ்வரிகளே!

முதல் வழியில் செலவு குறைவு. மூன்றாவதில் அச்சின் விலை மிகுதியெனினும் ஆழமான மரையும் சிதையாது. எஃகைக் குடைந்தபின் வழியை மாற்றுதல் அரிது, பெரும்பொருள் வீணாகும். சென்னையில் 1968இல் தொடங்கப்பெற்ற சிப்பெட் நிறுவனம் இத்தகைய அச்சு வடிவமைப்பைக் கற்பித்து வருகிறது. அச்சு வரைவோர் முதலில் எண்ண வேண்டுவது, பொருள் உருவாகும் விதத்தை மட்டுமன்று. அது வெளியேறும் வழியையுமே ஆகும்.